ஷூமானின் மே மாதப் பாட்டு: கடைசியில் கார்டு (chord) சேர்க்கலாமா?

ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமானின் 'அற்புதமான மே மாதத்தில்' பாட்டை மட்டும் தனியாகப் பாடப்போகிறீர்கள், பியானோ பாதியில் அறுந்ததுபோல் நிற்கிறது, ஒரு எஃப் ஷார்ப் மைனர் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) போட்டு முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். உங்கள் நோட்டில் பக்கம் எதுவும் விடுபடவில்லை. 1840-இல் ஜெர்மன் கவிஞர் ஹைனவின் கவிதைகளுக்கு அவர் இசையமைத்த 16 பாடல்களின் தொகுப்பில் இது முதலாவது. காதலன் தன் ஏக்கத்தை அவளிடம் சொல்லிவிட்டான், அவள் என்ன சொன்னாள் என்பது கவிதையிலேயே இல்லை, அதனால்தான் பியானோவும் சி ஷார்ப் டாமினன்ட் செவன்த்தில் (எஃப் ஷார்ப் மைனரில் போய் முடியவேண்டிய, முடிவுபெறாத கார்டு) தொங்கிக்கொண்டு நிற்கிறது. (காதலி கிளாராவை மணக்க அவள் அப்பாவோடு ஷூமான் கோர்ட்டில் மல்லுக்கட்டிய காலம் வேறு!)

கடைசியில் ஃபெர்மாட்டா (சுரத்தை நீட்டிப் பிடிக்கச் சொல்லும் குறி) இருக்கிறது பாருங்கள், ஒலி தானாகத் தேயும்வரை பியானோக்காரர் பெடலை விடக்கூடாது, நீங்களும் அதுவரை அசையாதீர்கள், கொஞ்சம் தலை குனிந்தால் போதும், கைதட்டிவிடுவார்கள். அப்படியும் மனசு கேட்கவில்லையா, சரி, அடுத்த பாட்டையும் சேர்த்துப் பாடிவிடுங்கள். ஏ மேஜர், ஒரு நிமிடம்தான் வரும்.