கெட்டுப்போகும் பண்டம்

கேள்வி: டி.வி. தொடர்களிலும் சினிமாவிலும் வரும் வன்முறை காட்சிகள் சமூகத்தை, குறிப்பாகப் பெண்களைக் கெடுத்துவிட்டன என்பது உண்மைதானே? முன்பிருந்த அடக்கம் இப்போது இல்லையே? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: முதலில் அது 'வன்முறைக் காட்சிகள்'. நடுவில் ஒரு 'க்' உண்டு. இதைச் சொன்னால், ஒற்றெல்லாம் அச்சுக்கோப்பவர்கள் காலத்தோடு போய்விட்டது என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உடனே அஞ்சலட்டை போடுவார். ஆறு வருடமாகப் போடுகிறார். போடட்டும்.

'கெடுத்துவிட்டன' என்கிறீர்களே, அந்தச் சொல்லை விட மனமில்லை. பால் கெடும். மாவு புளித்துக் கெடும். மீன் மதியத்துக்குள் கெடும். நம் ஊரில் அந்த வரிசையில் பெண்ணும் உண்டு. பாட்டனார் காலத்தில் நாவல் வாசித்துக் கெட்டாள். பிறகு ரேடியோ கேட்டுக் கெட்டாள், மாட்டினி போய்க் கெட்டாள், இப்போது தொடர் பார்த்துக் கெடுகிறாள். ஒருமுறை கெட்ட பண்டம் மறுபடியும் எப்படிக் கெடும் என்று சமையற்கட்டில் கேட்டுப்பாருங்கள். அதே சோபாவில் உட்கார்ந்து அதே தொடரைப் பார்க்கும் ஆண் மட்டும் கெடுவதே இல்லை. கேட்டால் செய்திக்காகக் காத்திருப்பதாகச் சொல்வார். உப்புக்கண்டம் போட்ட ஜென்மங்கள்!

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, 1961-ல் குழந்தைகளின் கண்ணெதிரே ஒரு பெரியவரை விட்டுக் காற்றடைத்த பொம்மையைச் சுத்தியலால் அடிக்கச் செய்தார். சாய்த்தால் எழுந்து நிற்கும் பொம்மை. நம் தஞ்சாவூர்த் தலையாட்டிக்குச் சகலை. பார்த்த பிள்ளைகளும் போட்டு அடித்தன. 1963-ல் அதையே படம் எடுத்துக் காட்டினார், அப்போதும் அடித்தன. ஆக, பார்ப்பதற்குப் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கைநீட்டியதில் பையன்கள்தான் முன்னால் நின்றார்கள்.

எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுவது, டி.வி.யின் பாதிப்பை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் கெர்ப்னர் சொன்னது. நிறைய டி.வி. பார்ப்பவர், உலகம் இருப்பதைவிடப் பொல்லாதது என்று நம்பத் தொடங்குகிறார் என்றார் அவர். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் யாரையும் அடித்ததில்லை. மருமகள் கொடுக்கும் பாலில் முதல் பங்கை மட்டும் பூனைக்கு ஊற்றிப் பார்க்கிறார். பூனை கொழுத்துவிட்டது.

இரத்தம் பார்ப்பது நம் பெண்களுக்குப் புதிதா என்ன? வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் படுகளம் பார்த்திருக்கிறீர்களா? துரியோதனனை ஆள் உயரத்துக்கும் பெரிதாக மண்ணில் படுக்கவைத்து, தொடையைப் பிளந்து, அந்தச் சிவப்பை எடுத்துக் கூந்தலில் பூசி முடிக்கிறாள் பாஞ்சாலி. கைக்குழந்தையோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் உலை வைக்கிறார்கள்.

அடக்கம் காணோம் என்று நீங்கள் கவலைப்படவே வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது சரி என்று சொன்ன ஆண்கள் 44 சதவீதம். பெண்கள் 45! தெலங்கானாவில் பெண்கள் 84. சமையல் சரியில்லை என்பதும் ஆய்வில் கேட்ட காரணங்களில் ஒன்று. இதைத் தொடர்கள் வந்துதான் கற்றுக்கொடுத்தன என்று சொல்ல மாட்டேன். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்ற பழமொழி பரவ ஆன்டெனா தேவைப்படவில்லை.

தொடர்கள் மேல் என் புகார் வேறு. ஓர் அறை விழுந்தால் அதை மூன்று கோணத்தில் மூன்று முறை காட்டுகிறார்கள். பிறகு கூடத்தில் நிற்கும் பதினோரு முகங்களையும் ஒவ்வொன்றாக, முகத்துக்கு ஓர் இடி வீதம். அதோடு 'தொடரும்'. மறுநாள் அதே அறையிலிருந்து ஆரம்பம். அறை வாங்கியவள் வியாழக்கிழமைதான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்கிறாள். அங்கே வாசலில் பலகை: 'அவசர சிகிச்சை பிரிவு'. நடுவில் இருந்த 'ப்'பை யார் அடித்துப் போட்டார்களோ!