மரியா சபினாவுக்கு யார் பதில் சொல்வது?

கேள்வி: எல்.எஸ்.டி.யும் போதைக்காளானும் மனத்தை விரிவாக்கும் என்று 1960களில் ஹிப்பிகள் சொன்னபோது அரசுகள் தடை போட்டன. இன்று அவற்றையே மனச்சோர்வுக்கு மருந்தாகப் பல்கலைக்கழகங்கள் ஆராய்கின்றன. அப்படியென்றால் ஹிப்பிகள் சொன்னதுதானே சரி? இந்த வரலாற்றில் தவறு செய்தவை அரசுகள் மட்டும்தானே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அரசுகள் தவறு செய்தன என்பதில் எனக்கும் ஐயமில்லை. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. 1953-ல் தொடங்கிய எம்.கே.அல்ட்ரா திட்டத்தில், என்ன கொடுக்கப்படுகிறது என்றே அறியாதவர்களுக்கும் எல்.எஸ்.டி. கொடுத்துச் சோதித்தார்கள், 1973-ல் அந்தக் கோப்புகளில் பெரும்பகுதியை அழித்தும் விட்டார்கள். 1970-ல் அதே அமெரிக்க அரசு இந்தப் பொருட்களை மிகக் கடுமையான தடைப் பட்டியலில் சேர்த்ததால், நடந்துகொண்டிருந்த நேர்மையான மருத்துவ ஆராய்ச்சியும் பல பத்தாண்டுகளுக்கு முடங்கியது. ஆனால் உங்கள் கேள்வியில் உள்ள ‘மட்டும்’ என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். அரசையும் ஹிப்பிகளையும் எதிரெதிரே நிறுத்தி இந்தக் கதையைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த இருவராலும் இழப்புக்கு உள்ளான மூன்றாவது தரப்பு அதனால் நம் கண்ணில் படுவதே இல்லை.

மெக்சிகோவின் வஹாக்கா மாநில மலைகளில் ஹுவாவுத்லா என்ற ஊர் இருக்கிறது. அங்கு வாழும் மசாட்டெக் பழங்குடியினர் சிலவகைக் காளான்களைப் ‘புனிதக் குழந்தைகள்’ என்று அழைத்தார்கள். ஸ்பானியர்கள் அந்த நாட்டைப் பிடித்த பதினாறாம் நூற்றாண்டிலேயே, அங்குள்ள மக்கள் தேனுடன் காளான் உண்டதைப் பாதிரியார் சஹாகுன் எழுதி வைத்திருக்கிறார். திருச்சபை அதைப் பேய் வழிபாடு என்று ஒடுக்கியபோது சடங்கு மலைக்கிராமங்களுக்குள் ஒதுங்கிப் பிழைத்தது. மரியா சபினா அந்த மரபில் வந்தவர். சிறுமியாக ஆடு மேய்த்த காலத்தில் தங்கையோடு சேர்ந்து பசிக்குக் காளானைத் தின்றவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். மசாட்டெக் மொழி மட்டுமே பேசியவர். பின்னாளில் அவர் நடத்திய இரவுச் சடங்கு நோயாளிக்கானது. என்ன நோய், பிழைப்பாரா, என்ன செய்ய வேண்டும் என்பதைக் காளான் சொல்லும் என்று நம்பினார்கள். சடங்குக்கு முன்னும் பின்னும் நான்கு நாட்கள் உடலுறவு கூடாது என்பது விதி.

1955 ஜூன் 29 அன்று இரவு அந்தச் சடங்கில் வந்து அமர்ந்தவர் கார்டன் வாஸன், நியூயார்க்கின் ஜே.பி.மார்கன் வங்கியின் துணைத் தலைவர். முதலில் சாக்லேட் பானம் கொடுத்தார்கள். பிறகு மரியா சபினா காளான்களை ஜோடி ஜோடியாக எண்ணிப் பங்கிட்டார். வாஸனுக்கு ஆறு ஜோடி, தனக்குப் பதின்மூன்று. எரிந்துகொண்டிருந்த ஒரே மெழுகுவத்தியை ஒரு பூவால் அணைத்துவிட்டு, இருட்டில் விடியும்வரை பாடினார். அந்த அந்நியரை அவர் ஏற்றுக்கொண்டது ஊர் அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதால்தான். அதிகாரியின் பேச்சைத் தட்ட முடியாது என்பதே காரணம் என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். வந்தவர் நோயாளியும் இல்லை.

1957 மே மாதம் ‘லைஃப்’ இதழில் வாஸனின் கட்டுரை படங்களுடன் வெளிவந்தது. பெண்ணின் பெயரை மாற்றியிருந்தார், முகத்தை மறைக்கவில்லை. இதற்கிடையே 1956-ல் அவருடன் ஹுவாவுத்லாவுக்குப் போன வேதியியலாளர் ஒருவர் சி.ஐ.ஏ.யின் பணத்தில் போனவர் என்பதும், அது வாஸனுக்கே தெரியாது என்பதும் பிற்பாடு வெளிப்பட்டன. 1943-ல் எல்.எஸ்.டி.யின் விளைவைத் தன் உடலிலேயே கண்டறிந்த சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன், 1958-ல் அந்தக் காளானின் ஆற்றலுக்குக் காரணமான சைலோசைபின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். அவர் வேலை பார்த்த சாண்டோஸ் நிறுவனம் அதை மாத்திரையாக்கியது. 1962-ல் ஹாஃப்மன் அந்த மாத்திரைகளைக் கொண்டுபோய் மரியா சபினாவிடம் கொடுத்தபோது, காளானின் ஆற்றல் இதிலும் இருக்கிறது என்று அவர் மனமார ஒப்புக்கொண்டார். அறிவியலுக்கு அவர் எதிரியாக இருந்ததில்லை.

ஹிப்பிகளின் வழிகாட்டியாகப் போற்றப்படும் டிமதி லியரி 1960-ல் மெக்சிகோவின் குவர்னவாக்காவில் காளான் உண்டார். அதன் பிறகே ஹார்வர்டில் சைலோசைபின் ஆய்வைத் தொடங்கி, 1963-ல் அங்கிருந்து நீக்கப்பட்டார். 1967 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ பூங்காவில் கூடிய பல்லாயிரம் இளைஞர்களிடம் அவர் உள்ளம் திறக்கவும், இசைந்து வாழவும், சமூகத்திலிருந்து விலகவும் சொன்னார். வியட்நாம் போரை வெறுத்த அந்தப் பிள்ளைகளின் கோபம் நியாயமானது; அதில் நான் குறை காண மாட்டேன். ஆனால் அவர்களில் பலர் விலகிப் போய்ச் சேர்ந்த இடம் ஹுவாவுத்லா. தமக்கென்று ஒரு வாழ்வும் விதியும் உள்ளவர்களின் ஊர் அது. அங்கே போய்ப் பகலென்றும் பாராமல், விரதமும் இல்லாமல், தெருவிலும் வயலிலும் காளானைத் தின்று திரிந்தார்கள். பின்னாலேயே போலீஸ் வந்தது, மரியா சபினா போதைப்பொருள் விற்கிறார் என்று வீட்டைச் சோதனையிட்டது. 1960களின் இறுதியில் ராணுவம் வழிமறித்து அந்நியர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இரகசியத்தை விற்றவர் என்று சொந்த ஊரே அவரைத் தூற்றியது. அவர் வீடு எரிக்கப்பட்டது, மகன் கொலையுண்டார். 1985 நவம்பரில் வறுமையிலேயே இறந்தார். அந்நியர்கள் வருவதற்கு முன்பு யாரும் கடவுளைத் தேடிக் காளான் உண்டதில்லை, நோயாளியைக் குணமாக்கவே உண்டார்கள் என்றும், அவர்கள் வந்த பிறகு புனிதக் குழந்தைகள் வலிமை இழந்துவிட்டன என்றும் அவர் தன் வாழ்க்கையைச் சொல்லும்போது குறிப்பிட்டிருக்கிறார். வாஸன் பின்னாளில் இதை எண்ணி வருந்தி எழுதினார். லியரியிடமிருந்து அப்படி ஒரு சொல்லை நான் படித்ததில்லை.

ஆகவே, ஹிப்பிகள் சொன்னது சரியா என்ற கேள்விக்கு என் பதில் இது. இந்தப் பொருட்களில் மருத்துவப் பயன் இருக்கக்கூடும் என்பது சரி. அதை 1950களிலேயே, ஹிப்பிகளுக்கு முன்பே, கனடாவில் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் எங்கும் எப்படியும் உண்ணலாம் என்பது தவறு. இன்று ஆய்வுகள் நடக்கும் முறையைப் பாருங்கள்: முன்கூட்டியே தயார்ப்படுத்துகிறார்கள், பழகிய ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார், மனநோய்ப் பின்னணி உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. இந்த ஒழுங்கு லியரியின் கூட்டத்தைவிட மரியா சபினாவின் சடங்குக்கே நெருக்கமாக இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள், வேறு சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்குச் சைலோசைபின் எழுதித் தரலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உரிமம் பெற்ற மையங்களில் அதை உட்கொள்ளலாம். செயற்கைச் சைலோசைபின் வடிவங்களுக்கு நிறுவனங்கள் காப்புரிமை பெற்றிருக்கின்றன. பழங்குடிகளின் அறிவிலிருந்து வரும் பயனில் அவர்களுக்கும் பங்கு தர வேண்டும் என்று சொல்லும் நகோயா உடன்படிக்கை 2014-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 1950களில் மலையிறங்கிப் போன அறிவுக்கு அது கணக்குக் கேட்காது. அமெரிக்கா அதில் சேரவும் இல்லை. மசாட்டெக் மக்களுக்குத் தர வேண்டியதை ஏதாவது ஒரு நிறுவனம் சட்டம் கட்டாயப்படுத்தாமலே தந்தால்தான் உண்டு.