மூன்று வருட வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது, போகலாமா?

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு உள்ளூரில் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். இப்போது ஒரு சர்வதேச தொண்டு நிறுவனத்தில், அஞ்செட்டி, தளி பக்கம் குழந்தைத் திருமணத் தடுப்புத் திட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் இரண்டு மடங்கு. ஆனால் திட்டம் மூன்று வருடம்தான். வீட்டில் குரூப் 4 எழுது என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
- வாசகி, பாலக்கோடு

பதில்: போங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஆர்டரை நிதானமாகப் படியுங்கள். 'ஊழியர்' என்று இருக்கிறதா, 'ஆலோசகர்' என்று இருக்கிறதா பாருங்கள். ஆலோசகர் என்றால் பி.எஃப். இருக்காது, சம்பளத்தோடு பேறுகால விடுப்பு கிடைப்பதும் கஷ்டம், வழக்கமாக வருமான வரிக்காக 10 சதவீதம் டி.டி.எஸ். வேறு பிடிப்பார்கள், அப்போது அந்த இரண்டு மடங்கு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. வண்டிக்கு பெட்ரோல் காசு தனியா, சம்பளத்துக்குள்ளேயா என்றும் கேளுங்கள், மலைக் கிராமங்களுக்கு அலைகிறவர்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

மூன்று வருடம் என்பதும் உறுதி கிடையாது. 2025-ல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டை மூடியபோது உலகம் முழுக்க எத்தனையோ திட்டங்கள் பாதியில் நின்றன. இங்கேயும் 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணத்தை வாங்கிய நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு அதைக் கொடுக்க முடியாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பெரிய நிறுவனங்களை நம்பியிருந்த சின்ன நிறுவனங்கள் அதில்தான் அடிபட்டன. அதனால் பணம் யாருடையது, எந்த மாதம் வரை, நோட்டீஸ் காலம் எவ்வளவு, மூன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

நல்லது என்று பார்த்தால் கற்றுக்கொள்வதுதான். கணக்கு, ரிப்போர்ட், தகவல் திரட்டுவது எல்லாம் ஒழுங்காகப் பழகிவிடும், அது அடுத்த வேலைக்கும் கூட வரும். வெளிப்பணம் வந்தாலே வீண் என்று பேசுகிறவர்களுக்கு நம் மாவட்டமே பதில். 1989-ல் ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின, பிறகு மாநிலம் முழுக்கப் பரவின. அரசும் பெண்களும் கையில் எடுத்துக்கொண்டதால்தான் அந்தப் பணம் நின்ற பிறகும் அவை நிற்கின்றன.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. திட்டம் முடிந்தால் நிறுவனம் கிளம்பிவிடும், நீங்கள் இதே ஊர்ப்பக்கம்தான் இருப்பீர்கள். உங்கள் பேச்சை நம்பி மகளின் கல்யாணத்தை நிறுத்தி அவளை பிளஸ் ஒன் சேர்த்த அம்மா, சொந்தக்காரர்கள் நெருக்கும்போது உங்களுக்குத்தான் போன் போடுவார், உங்களிடம் அப்போது திட்டமும் இருக்காது, அடையாள அட்டையும் இருக்காது. ஆகவே முதல் மாதத்திலேயே அந்த வீட்டை கிராம செவிலியர், தலைமை ஆசிரியர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இவர்களோடு இணைத்துவிடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098 அந்த மகளுக்கே மனப்பாடமாக இருக்கட்டும். மேலதிகாரிகள் எண்ணிக்கைதான் கேட்பார்கள், இதைக் கேட்க மாட்டார்கள், ஆனாலும் செய்யுங்கள்.

சரி, குரூப் 4 அறிவிப்பு வந்தால் அதற்கும் விண்ணப்பியுங்கள், இரண்டுக்கும் சண்டை இல்லை. அப்புறம், தளிப் பக்கம் பல வீடுகளில் கன்னடமோ தெலுங்கோதான் பேசுவார்கள், இப்போதே கொஞ்சம் பழக ஆரம்பியுங்கள்.