மும்பை ஏழு தீவுகளாக இருந்ததாமே, அதில் ஒன்றையாவது இன்று பார்க்க முடியுமா?

கேள்வியோடு "வெள்ளைக்காரன் வருவதற்கு முன் அங்கே வெறும் சேறுதானாமே" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு இங்கே வந்தார். அப்பா கோதியில் மூட்டை தூக்கினார். துறைமுகத்தை இங்கே கோதி என்றுதான் சொல்வோம்.

முதலில் சேறு. 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா இந்தத் தீவுகளைப் போர்த்துக்கீசியருக்கு விட்டுக்கொடுத்தார். அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பே துறைமுகத்துக்கு எதிரே கராபுரித் தீவில் (எலிபெண்டா என்பது அதுதான்) பாறையைக் குடைந்து சிவனைச் செதுக்கிவிட்டார்கள். வடக்கே சோபாராவில் அசோகர் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அது அந்தக் காலத்துப் பெரிய துறைமுகம். கோலி மீனவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்து இங்கே இருக்கிறார்கள், மும்பாதேவி அவர்கள் கும்பிட்ட தெய்வம். போர்த்துக்கீசிய இளவரசியை மணந்த ஆங்கிலேய அரசரோ தனக்குச் சீதனமாக வந்த இடத்தை 1668-இல் ஆண்டுக்குப் பத்து பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டார். வாடகை குறைவு என்பதற்காக இடம் வெறும் சேறு ஆகிவிடாது. வெள்ளைக்காரன் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. இந்த வரியை மட்டும் பிடித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

சரி, தீவுகள். கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், வொர்லி, மாஹிம் என்று ஏழு. நடுவில் தண்ணீர் இருக்கும் என்று தேடினால் கிடைக்காது. மரைன் டிரைவே கடலைத் தூர்த்துப் போட்ட நிலம். ஆனால் தீவு மேடு, தூர்த்த இடம் பள்ளம். அந்த வித்தியாசம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை எனக்குக் காட்டியது அப்பா.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, ஒரு ஜூலை மாதம். பள்ளி லீவு. அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு சயானில் ரயிலேறி மஸ்ஜித்தில் இறங்கி, கோதி கேட்டில் கொடுத்துவிட்டு நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு ரயில் நின்றுபோனது. அப்பாவுடன் வேலை செய்த இன்னொருவர், பரேல் வழியாக நடந்தால் சீக்கிரம் போய்விடலாம் என்று கிளம்பினார். அப்பா போகவில்லை. "ஏல, கோட்ட கட்டுனவன் மேட்டுலதான் கட்டியிருப்பான். அதப் பாத்து நட" என்றார்.

அப்படியே நடந்தோம். முதலில் டோங்கிரி. மராத்தியில் அந்தச் சொல்லுக்கே குன்று என்றுதான் பொருள். அப்புறம் மஜ்காவ் மேடு, ரே ரோடு, சிவ்ரி கோட்டை, வடாலா, ஆண்டாப் ஹில், சயான் கோட்டை. அங்கங்கே கணுக்கால் தண்ணீர், அதற்கு மேல் இல்லை. போகிற வழியில் அப்பா ஊர்ப் பெயர்களுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார். உமர்காடியில் காடி என்றால் கடல் கழி. அதற்குப் பக்கத்தில் பாய்துனி, அதாவது கால் கழுவுகிற இடம். பம்பாய்த் தீவுக்கும் மஜ்காவுக்கும் நடுவே ஓடிய கழியைத் தாண்டி வந்தவர்கள் அங்கே காலைக் கழுவினார்களாம். ஆறேகால் மணிக்கு சயான் கோலிவாடாவில் சித்தி வீட்டில் டீ குடித்தோம். பரேல் வழியாகப் போனவர் இடுப்பளவு தண்ணீரில் மாட்டி மறுநாள் காலையில்தான் வீடு வந்தார்.

காரணம் இதுதான். வொர்லிக்கும் பம்பாய்த் தீவுக்கும் நடுவில் பெரிய உடைப்பு ஒன்று இருந்தது. கடல் ஏறும்போதெல்லாம் அது வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து நடுப்பகுதியை நிரப்பும். 1780-களில் கவர்னர் ஹார்ன்பி அங்கே கரை கட்டி அடைத்தார். ஹாஜி அலி பக்கம் போகிற சாலை அந்தக் கரைதான். கடல் நின்றது, பள்ளம் நிற்கவில்லை. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழையும் கொட்டினால் அந்தத் தண்ணீர் வடிய வழியில்லை. பல வருடம் கழித்துப் பழைய வரைபடம் ஒன்றைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றைக்கு நாங்கள் பம்பாய், மஜ்காவ், பரேல் என்று மூன்று தீவுகளைக் கடந்திருக்கிறோம். பரேல் தீவில் நாங்கள் நடந்தது சிவ்ரி, சயான் பக்கத்து மேடு. அந்த இன்னொருவர் மாட்டியது பரேலுக்குப் போகும் வழியிலிருந்த பள்ளத்தில். அப்பா வரைபடம் எதையும் பார்த்தவர் இல்லை.

துறைமுகம் ஏன் கிழக்குப் பக்கம் இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையை அடிக்கும். கிழக்கே தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் ஆழமான, அமைதியான நீர். 1880-இல் பிரின்ஸ் கோதி, 1888-இல் விக்டோரியா கோதி, 1914-இல் இன்றைய இந்திரா கோதி எல்லாம் அதனால்தான் அந்தப் பக்கம். படம் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் மேற்கே நிற்கிறார்கள். ஊருக்குச் சோறு போட்டது கிழக்குக் கரை.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். பத்தாம் வகுப்பு வரை இங்கே தமிழ்வழியில் படித்தவன் நான். ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனால் மொய் நோட்டை என் கையில் தர மாட்டார்கள், "பம்பாய்க்காரனுக்குத் தமிழ் எழுத வருமா" என்பார்கள். இங்கேயோ நான் மதராசி. இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

நீங்கள் வந்தால் சயான் கோட்டையில் ஏறுங்கள், ஸ்டேஷனிலிருந்து நடை தூரம்தான். சயான் என்பது சீவ், எல்லை என்று பொருள். அடுத்து தாராவி காலா கில்லா (கறுப்புக் கோட்டை), 1737-இல் கட்டியது, பஸ் டிப்போ பக்கத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி ஓடும் மிட்டி ஆறுதான் அன்றைக்கு ஆங்கிலேயருக்கும் போர்த்துக்கீசியருக்கும் நடுவே எல்லை. இன்னொரு நாள் டோங்கிரியில் தொடங்கி சிவ்ரி வரை நடந்து பாருங்கள். ஏற்றமும் இறக்கமும் காலுக்கே தெரியும்.