மியூடெக்ஸ் போட்டும் டெக்ஸ்சர் கறுப்பாக வருகிறதே, ஏன்?

கேள்வி: ரேலிப் என்ற கேம் லைப்ரரியை வைத்து சி++ மொழியில் ஒரு 2டி கேம் எழுதுகிறேன். லெவல் மாறும்போது படங்களை ஏற்றுவதால் திரை உறைந்துவிடுகிறது. அதனால் படத்தை ஏற்றி டெக்ஸ்சராக (ஜிபியூ எனும் கிராபிக்ஸ் சிப் வரையும் படமாக) மாற்றும் லோட்டெக்ஸ்சரைத் தனி த்ரெடில் (நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு ஓட்டத்தில்) அழைத்தேன். படங்கள் கறுப்பாக வருகின்றன. நண்பரின் கணினியில் க்ராஷ் ஆகிறது. மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெடை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போட்டும் பலனில்லை.

பதில்: உங்கள் த்ரெடுகள் ஒன்றோடொன்று மோதவில்லை, அதனால்தான் மியூடெக்ஸ் உதவவில்லை. ரேலிப்புக்கு அடியில் ஓடுவது ஓபன்ஜிஎல் என்ற கிராபிக்ஸ் இடைமுகம். அதன் கான்டெக்ஸ்ட் (அதன் நிலையையெல்லாம் வைத்திருக்கும் பொருள்) ஒரு நேரத்தில் ஒரே த்ரெடிடம்தான் இருக்கும். சாளரத்தைத் திறக்கும் இனிட்விண்டோவை அழைத்த மெயின் த்ரெடிடம் அது இருக்கிறது, நீங்கள் புதிதாகத் தொடங்கியதிடம் இல்லை. கான்டெக்ஸ்ட் இல்லாமல் அழைத்தால் என்ன ஆகும் என்பது ஜிபியூவின் டிரைவரைப் பொறுத்தது. ஒன்று சத்தமே போடாமல் சும்மா இருக்கும், இன்னொன்று விழுந்துவிடும். உங்கள் இரண்டு கணினிகளும் இரண்டு மாதிரி நடப்பது அதனால்தான்.

லோட்டெக்ஸ்சருக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன: கோப்பைப் படித்து பிஎன்ஜியைப் பிக்சலாகப் பிரிப்பது, பிறகு அதை ஜிபியூவுக்கு அனுப்புவது. பெரும்பாலும் நேரத்தைத் தின்பது முதல் வேலை. அதற்கு ஓபன்ஜிஎல் தேவையே இல்லை. எனவே த்ரெடில் லோட்இமேஜ் மட்டும் அழையுங்கள். கிடைத்த இமேஜை ஒரு கியூவில் (காத்திருப்பு வரிசையில்) போடுங்கள். உங்கள் மியூடெக்ஸ் காக்க வேண்டியது இந்தக் கியூவைத்தான். மெயின் த்ரெட் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒன்றை எடுத்து லோட்டெக்ஸ்சர்ஃப்ரம்இமேஜ், அடுத்து அன்லோட்இமேஜ் என்று முடிக்கட்டும். எடுத்தவுடன் பூட்டைத் திறந்துவிடுங்கள். ஜிபியூவுக்கு அனுப்பி முடியும்வரை பூட்டிவைத்திருந்து, லோடர் த்ரெடை வெட்டியாகக் காக்கவைத்தவன் நான்.

ஒரே ஃபிரேமில் எல்லாவற்றையும் அனுப்பினால் பழைய உறைதல் திரும்பிவிடும். 60 ஃபிரேம் ஓட்டத்தில் ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 16.7 மில்லி விநாடிதான். 4096×4096 ஆர்ஜிபிஏ படம் ஒன்றே 64 எம்பி. அவ்வளவு பெரிய படங்களைத் துண்டாக்கி வைப்பது நல்லது.

இன்னொரு பொறி அழிக்கும்போது இருக்கிறது. அன்லோட்டெக்ஸ்சரை அழைக்கும் டிஸ்ட்ரக்டர் எழுதி, டெக்ஸ்சரை ஷேர்ட் பாயின்டரில் (கடைசிப் பிரதி போனதும் பொருளைத் தானே அழிக்கும் பாயின்டரில்) வைத்து, அந்தக் கடைசிப் பிரதி லோடர் த்ரெடில் விழுந்தால், டிஸ்ட்ரக்டர் அங்கேயே ஓடும். மறுபடியும் கான்டெக்ஸ்ட் இல்லாத இடம்! அழிக்க வேண்டியவற்றுக்கும் ஒரு கியூ வைத்து மெயின் த்ரெடுக்கே அனுப்புங்கள். கேமை மூடும்போது முதலில் த்ரெடை ஜாயின் செய்து (அது முடியும்வரை காத்திருந்து), கியூவில் மிஞ்சிய இமேஜ்களை விடுவித்து, அதன் பிறகே க்ளோஸ்விண்டோ.