பேட்டரியை மாற்றும் முன் மீட்டரை வையுங்கள்: சார்ஜிங் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் சார்ஜிங் பற்றியவைதான். பலரும் ஏதாவது ஒரு பொருளை மாற்றிவிட்டுத்தான் எழுதுகிறீர்கள், அதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் கையில் இருந்தால் இதில் முக்கால்வாசியை நீங்களே வீட்டு வாசலில் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: சார், 150 சிசி பைக். புது பேட்டரி போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது, மறுபடியும் செல்ஃப் எடுக்கவில்லை. மேக்னட் காயில் போயிருக்கும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மேக்னட் காயில் என்பது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் சுருள். பேட்டரியை வெளியே கழற்றிச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் நிற்க வேண்டும். மாட்டிச் செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழே நன்றாக விழுந்தால் பேட்டரியே சரியில்லை, வாரண்டியில் கேளுங்கள்.

அது நன்றாக இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட் எரியும்போதே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்து, பேட்டரி முனையிலேயே அளக்கவும். 13.8 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங்கில் குறையே இல்லை, காயிலைத் தொட வேண்டாம். முறுக்கினாலும் 12.5ஐத் தாண்டவில்லை என்றால்தான் அடுத்த வேலை. இன்ஜினிலிருந்து ஆர்ஆர் யூனிட்டுக்கு (காயிலின் ஏசி மின்சாரத்தை டிசியாக்கி, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) போகும் ஒரே நிற மூன்று ஒயர்களின் கப்ளரை, அதாவது ஒயர்களை இணைக்கும் பிளக்கைத் தேடிக் கழற்றுங்கள், பெரும்பாலும் மஞ்சள் நிறம்தான். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு முனையைச் சுற்றி மட்டும் பழுப்பாகி உருகியிருக்கிறதா, உள்ளே பித்தளை கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். எத்தனையோ வண்டிகளில் கோளாறு அந்த ஒரு முனைதான்.

கப்ளர் சுத்தமாக இருந்தால், அதைக் கழற்றியபடியே இன்ஜினை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று ஒயர்களையும் இரண்டிரண்டாக அளக்க வேண்டும் (விரல் படாமல், முறுக்கும்போது 50 வோல்ட்டைத் தாண்டும்). எத்தனை வோல்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா, முறுக்க முறுக்க ஏறுகிறதா, அதுதான் முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் காயில் போய்விட்டது. அப்புறம் இன்ஜினை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஒயருக்கும் இன்ஜின் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள், தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் காயில் எர்த் ஆகிவிட்டது. இதெல்லாம் சரியாக இருந்தும் பேட்டரிக்கு வோல்ட் வரவில்லை என்றால் ஆர்ஆர் யூனிட்டும் அதற்குப் பின்னால் உள்ள ஒயரும்தான் பாக்கி.

கேள்வி: காயில் இரண்டாவது முறை எரிந்துவிட்டது. லோடு குறையட்டும் என்று எல்லா பல்பையும் எல்இடி ஆக்கிவிட்டேன். இனிமேல் எரியாதுதானே?

பதில்: அப்படி நம்பிவிடாதீர்கள். நிறைய பைக்குகளில் இருப்பது ஷன்ட் வகை ரெகுலேட்டர். பேட்டரிக்குத் தேவைப்படாத மின்சாரத்தை அது நிறுத்துவதில்லை, காயிலையே ஷார்ட் செய்து எர்த்துக்கு விட்டுவிடுகிறது. அதனால் நீங்கள் லைட்டைப் போட்டாலும் அணைத்தாலும் காயில் முழு வேகத்தில்தான் உழைக்கிறது. இன்னும் சொல்லப்போனால், லோடு குறையும்போது ரெகுலேட்டர்தான் கூடுதலாகச் சூடேறும். அதற்குக் காற்றுப் படும் இடம் வேண்டும், அதன் துடுப்புகளில் அப்பியிருக்கும் சேற்றைக் கழுவுங்கள். உங்கள் வண்டிக்குப் பொருந்தும் சீரிஸ் வகை கிடைத்தால் அதைப் போடுவது நல்லது. அது தேவையில்லாதபோது காயிலின் இணைப்பைத் துண்டித்துவிடும், காயில் குளிர்ச்சியாக இருக்கும்.

கேள்வி: மீட்டரில் 16 வோல்ட் காட்டுகிறது. புது ஆர்ஆர் யூனிட் போட்டும் குறையவில்லை.

பதில்: வண்டியை அப்படியே ஓட்டாதீர்கள், பேட்டரி உப்பிவிடும், எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாத, ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டியாக இருந்தால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கும் ஆபத்து. யூனிட் புதிது என்றால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஓடும்போது ஒரு முனையை யூனிட்டின் பாடியிலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ துரு. சில மாடல்களில் பேட்டரி வோல்ட்டை வேவு பார்க்க யூனிட்டுக்குத் தனியாக ஒரு ஒயர் சாவி ஸ்விட்ச் வழியாக வரும். அந்த ஸ்விட்ச் தேய்ந்தால் யூனிட்டுக்கு வோல்ட் குறைவாகத் தெரியும், உடனே மேலும் மேலும் ஏற்றும்.

கேள்வி: பழைய கார்புரேட்டர் வண்டி. சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்குகிறது.

பதில்: அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குக் காயிலிலிருந்து நேரடியாக ஏசி போகும், அதனால் ஐடிலிங்கில் மங்கத்தான் செய்யும். முறுக்கினால் பிரகாசமாகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் பேட்டரி காலி. ஓட்டும்போது 14.2 வருகிறது.

பதில்: சார்ஜிங் சரி, எங்கோ கசிகிறது. சாவியை அணைத்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, அந்த இடைவெளியில் தொடராக இணையுங்கள். அந்த நிலையில் சாவியையோ செல்ஃபையோ தொடவே கூடாது, மீட்டர் பியூஸ் போய்விடும். சில மில்லி ஆம்பியர் இருந்தால் பரவாயில்லை. 50 மில்லி ஆம்பியர் ஓடினால் 5 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி 100 மணி நேரத்தில் தீர்ந்துவிடும், உங்கள் நான்கு நாள் கணக்கு அதுதான். பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். பின்னால் மாட்டிய ஜிபிஎஸ், அலாரம், யூஎஸ்பி சார்ஜர் இருந்தால் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

கேள்வி: படகின் அவுட்போர்டு இன்ஜினில் தம்பி பேட்டரியைப் பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டிவிட்டான். இன்ஜின் ஓடுகிறது, சார்ஜ் ஏறவில்லை.

பதில்: பியூஸ் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் ரெக்டிஃபையரில் டயோடு போயிருக்கும். கழற்றி, மீட்டரை டயோடு நிலையில் வைத்து, ரெக்டிஃபையரின் ஒவ்வொரு காயில் ஒயர் முனைக்கும், பேட்டரிக்குப் போகும் அதன் சிவப்பு ஒயர் முனைக்கும் இடையே இரண்டு திசையிலும் அளக்கவும். ஒரு திசையில் 0.5 வோல்ட் அளவில் காட்டி, மறுதிசையில் எதுவும் காட்டக் கூடாது. இரண்டு பக்கமும் காட்டினாலோ இரண்டு பக்கமும் காட்டாவிட்டாலோ யூனிட்டை மாற்றத்தான் வேண்டும். புதிது போட்ட பிறகு இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள், அதிலும் டயோடு போகும்.