கிளைடரை வின்ச் மூலம் ஏவுவது, விமானத்தால் இழுத்துச் செல்வதைவிட ஆபத்தானதா?

கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்) கிளப்பில் சேர விரும்பும் ஒருவர், அங்கே வின்ச் (தரையில் நின்று கேபிளைச் சுருட்டி கிளைடரை இழுக்கும் எந்திரம்) மட்டுமே இருப்பதால் தயங்குவதாகக் கேட்டிருக்கிறார். விமானியாகவும் வின்ச் ஓட்டுநராகவும் இருந்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆபத்து உண்டு, ஆனால் அது எந்தெந்த நொடிகளில் ஒளிந்திருக்கிறது என்பது நன்கு தெரிந்த ஒன்று. அந்த நொடிகளுக்கு முறையாகப் பயிற்சி தரும் கிளப் என்றால் தாராளமாகச் சேரலாம்.

களத்தின் ஒரு கோடியில் கிளைடரும், ஏறத்தாழ 1 கிலோமீட்டர் தள்ளி மறுகோடியில் வின்ச்சும் நிற்கும். இடையில் கிடப்பது 4 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கேபிள், அல்லது அதைவிட எடை மிகக் குறைந்த செயற்கை இழைக் கயிறு. வின்ச்சின் எஞ்சின் டிரம்மைச் சுழற்றிக் கேபிளைச் சுருட்டத் தொடங்கியதும், கிளைடர் சில நொடிகளில் தரையை விட்டு எழும்பி, நூல் இழுக்கப்பட்ட பட்டம்போல் மேலேறி, கேபிள் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு உயரத்தை ஒரு நிமிடத்துக்குள்ளாகவே எட்டிவிடும்.

கவலைப்பட வேண்டியது முதல் சில நொடிகளைப் பற்றித்தான். தரையில் ஓடும்போது ஓர் இறக்கை தாழ்ந்து புல்லில் உரசினால், கிளைடர் அந்தப் பக்கமாகச் சுழன்று கவிழக்கூடும். ஆகவே இடது கை மஞ்சள் நிற விடுவிப்புப் பிடியிலேயே இருக்க வேண்டும், இறக்கைகளைச் சமமாக வைக்க முடியவில்லை என்று பட்ட அக்கணமே அதை இழுத்துவிட வேண்டும். அடுத்தது, தரையை விட்டெழுந்ததும் மூக்கை அவசரமாக உயர்த்துவது. கிளைடரின் எடையோடு கேபிளின் இழுவையையும் இறக்கைகளே சுமப்பதால் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது எந்த வேகத்துக்குக் கீழே இறக்கைகள் தூக்குவிசையை இழக்குமோ அந்த வேகம், கூடிவிடுகிறது. தரைக்கு மிக அருகில் ஓர் இறக்கை மட்டும் ஸ்டால் ஆனால் மீள்வதற்கு உயரம் கிடையாது. போதிய வேகம் வந்த பிறகு, ஐந்து நொடிகளுக்குக் குறையாமல் எடுத்துக்கொண்டு, ஏறும் கோணத்துக்குச் சீராகப் போக வேண்டும் என்று கற்பிப்பது இதனால்தான். பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் 2005-இல் தொடங்கிய பாதுகாப்பு முயற்சி இத்தகைய விபத்துகளையே குறிவைத்தது. அதன்பின் அங்கே கடுமையான வின்ச் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன.

கேபிள் அறுவது பலரை அச்சுறுத்துகிறது. உண்மையில் கிளைடருக்குக் கேடு வருமுன் அறுந்துவிடும்படி, அதன் வகைக்கேற்ற வலிமையில் 'வீக் லிங்க்' என்ற சிறு உலோகத் தகடு கேபிளில் பொருத்தப்பட்டிருக்கும். அறுந்தால் உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும். அதைவிட முக்கியமாக, வேகம் மீண்டும் வந்துவிட்டதை வேகமானியில் பார்க்கும்வரை பக்கவாட்டில் திரும்பவும் கூடாது, ஏர்பிரேக்கை (வேகமாகக் கீழிறங்க இறக்கையில் திறக்கும் தடுப்புத் தகடு) திறக்கவும் கூடாது. நேராக முன்னால் இறங்க இடம் இருந்தால் அதுவே முதல் தேர்வு.

வின்ச் ஓட்டுநரின் பங்கு வெளியே பேசப்படுவதே இல்லை. தொய்வை எடுக்கும்போது புல்லில் வளைந்து கிடக்கும் கேபிள் மெல்ல நேராகி இறுகும் வரை அவர் பொறுமை காக்க வேண்டும். கிளைடர் ஏற ஏற விசையைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். விமானி விடுவித்ததும் கேபிள் முனையிலுள்ள சிறு பாராசூட் காற்றில் விலகிப் போகாதபடி விரைந்து சுருட்ட வேண்டும். கிளைடரின் கொக்கி விடாமல் சிக்கிக்கொண்டால் கேபிளை வெட்டிவிட வின்ச்சிலேயே ஒரு கத்தி உண்டு.

விமான இழுவையில் வேண்டிய உயரத்தையும் இடத்தையும் தேர்ந்துகொள்ளலாம். வின்ச்சில் களத்துக்கு மேலேயே கிளைடரைத் தூக்கிச் செல்லும் மேலெழும் வெப்பக்காற்று கிடைக்காவிட்டால் சில நிமிடங்களில் தரையிறங்க நேரும். ஆயினும் செலவு குறைவு, ஒரே நாளில் பலமுறை ஏறி இறங்கலாம். தரையிறங்கப் பழகும் மாணவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சேருமுன் அந்தக் கிளப்பில் ஒன்று கேளுங்கள்: தனியாகப் பறக்க அனுமதிப்பதற்கு முன், வெவ்வேறு உயரங்களில் கேபிள் அறுவதுபோல் நடத்திக் காட்டிப் பயிற்சி தருகிறார்களா?